மூன்றாவது மாதம் காணாமல் போகும் வழிகாட்டிகள்

வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணைக் காலத்தில் வைக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து வெளியே வந்த பையனுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன் என்று முன்வருகிறவர்களின் மனசில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. சிக்கல் வருவது காலண்டரில். முதல் மாதம் வாரா வாரம் போய்ப் பார்ப்பார்கள். அப்புறம் ஆபீசில் ஆடிட், வீட்டில் கல்யாணம், நடுவில் மழை. மூன்றாவது மாதம் பையன் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டார்கள்.

நான் பார்த்த தவறுகளில் மோசமானது இதுதான். பிள்ளைக்கு ஒரு பெரியவரைத் துணையாகச் சேர்த்துவைக்கும் அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் இயக்கம் 1904இல் நியூயார்க் சிறார் நீதிமன்ற எழுத்தர் ஒருவர் தொடங்கியது. அதன் வழிவந்த அமைப்பில் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றி 2002இல் ஒரு ஆய்வு வெளியானது. ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவில் பிள்ளைகளுக்குப் பலன் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. ஏற்கெனவே அப்பா விட்டுப்போன வீட்டிலிருந்து வருகிறவனுக்கு நாமும் ஒரு கணக்கைக் கூட்டிவிடுகிறோம், அவ்வளவுதான்.

ஒரு வருடம் முடியாது என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதம்தான் கையில் இருக்கிறதா? கேரம் போட்டி நடத்துங்கள், பத்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். ‘உனக்கு நான் இருக்கேன்டா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நடுவில் டிரான்ஸ்பர் வந்துவிட்டால், ஒரு மாதம் முன்பே அவனிடம் சொல்லி, அடுத்து வரப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துங்கள்.

இன்னொரு தவறு பார்க்க நல்ல காரியம் போலவே இருக்கும்: வழக்கில் சிக்கிய பையன்களை மட்டும் மொத்தமாகச் சேர்த்து முகாம் நடத்துவது. பையன்கள் குற்றத்தில் இறங்காமல் தடுக்க அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சோமர்வில் திட்டத்தில் ஐநூறுக்கு மேற்பட்ட பையன்களில் பாதிப் பேருக்கு ஆலோசகர், டியூஷன், முகாம் எல்லாம் கிடைத்தது. சுமார் 30 வருடம் கழித்து குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தார். உதவி பெற்றவர்களின் நிலை, பெறாதவர்களைவிடச் சில விஷயங்களில் மோசமாக இருந்தது. கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் போனவர்களிடம்தான் பாதிப்பு அதிகம் என்று பிற்பாடு தெரிந்தது. ஒருவன் அடிதடிக் கதை சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, அது அங்கே வீரமாகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் ‘திட்டம் எனக்கு நல்லது செய்தது’ என்றே சொன்னார்கள். பையன் நன்றி சொன்னான் என்பதை வெற்றிக்கு அளவாக வைக்காதீர்கள்.

‘ஒருநாள் புழலைச் சுற்றிக் காட்டுங்க சார், தானா திருந்துவான்’ என்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 1970களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகளைக் கொண்டு பிள்ளைகளை மிரட்டிப் பார்த்தார்கள். அந்த வகைத் திட்டங்களைப் பின்னால் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, மிரட்டப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே குற்றம் செய்திருந்தார்கள்.

பையனின் போட்டோவை வெளியே போடும் விஷயத்தில் சட்டமே இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74: பெயர், படம், பள்ளி, முகவரி என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டாலும் தெருவும் சட்டையும் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக, ‘என்ன கேஸ்?’ என்ற கேள்வி. விசாரிக்க நன்னடத்தை அலுவலர் இருக்கிறார், இளைஞர் நீதிக் குழுமம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். நாலாவதாக நீங்கள் எதற்கு? அதைக் கேட்காமலேயே ஒரு வருடம் பழகலாம். சொல்லவேண்டும் என்று தோன்றினால் அவனே சொல்வான். அதுவும் எதிரே உட்காரவைத்துப் பேசும்போது சொல்ல மாட்டான். பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வான்.