விபத்து இழப்பீட்டு மேல்முறையீடு: இளம் வக்கீல்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, அப்புறம் தொப்பூர் கணவாய் என்று போகிற தேசிய நெடுஞ்சாலை 44-ஆல் நம் இரண்டு மாவட்டங்களிலும் விபத்து வழக்குகளுக்குக் குறைவில்லை. இங்குள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களின் உத்தரவை எதிர்க்கும் மேல்முறையீடு (சி.எம்.ஏ.) சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். அந்தத் தொழிலுக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு மேல்முறையீட்டுக் காரணங்களை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஜூனியராக இருந்தபோது நானும் அதைச் செய்தேன். கட்சிக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கம் கல் உடைக்கும் தொழிலாளி, 32 வயது, வலது முழங்கையில் முறிவு. டாக்டர் 40 சதவீத ஊனம் என்றார். தீர்ப்பாயமும் ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் வீதம் 2 லட்சம் போட்டு முடித்துவிட்டது. “தொகை மிகக் குறைவு” என்று நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சீனியர் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்து, “டாக்டர் சாட்சியத்தைப் படிச்சியாப்பா?” என்று கேட்டார்.

படிக்கவில்லை. அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீலே, “வேறு வேலை செய்து பிழைக்கலாம் அல்லவா?” என்று கேட்டிருந்தார். “உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் செய்யலாம். சுத்தியல் பிடிக்க முடியாது” என்பது டாக்டரின் பதில். எங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது.

உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாத வருமானம் 12,000 என்று வைத்து, எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 16,800. ஆண்டுக்கு 2,01,600. அதை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும்; 32 வயதுக்கு அந்த எண், அதாவது மல்டிப்ளையர், 16. வருமான இழப்பை 40 சதவீதம் என்று எடுத்தாலே 12,90,240 ரூபாய் வருகிறது. 70 சதவீதம் என்றால் 22,57,920. கல் உடைப்பவருக்கு எந்தச் சதவீதம் பொருந்தும் என்று வாதாட அந்த வரி கையில் இருக்க வேண்டும். அது பதிவில் இல்லையென்றால் மேல்முறையீட்டில் புதிதாகச் சேர்ப்பது கடினம். மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியத்தை அனுமதிக்கும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 41 விதி 27 சுலபத்தில் திறக்கிற கதவு அல்ல. அதனால் தருமபுரியில் விசாரணை நடத்தும் வக்கீலோடு முதல் நாளிலிருந்தே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்தது காலக்கெடு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 173-இன்படி தீர்ப்பு தேதியிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தீர்ப்பு வந்த அன்றே அதன் நகல் கேட்டு மனு போட்டுவிடுங்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போடலாம், சரி. ஆனால் தாமதமான நாட்களுக்கு வட்டி கிடையாது என்று உத்தரவானால், நம் சோம்பலுக்குக் கட்சிக்காரர் பணம் கட்டுகிறார்.

இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு செய்தால் எதிர்த்து வாதாடினால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. தொகை குறைவு என்று தோன்றினால், நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள், அதே மேல்முறையீட்டில் தொகையை உயர்த்தக் கேட்கும் கிராஸ் அப்ஜெக்‌ஷன் போடுங்கள். வருகிற தொகையில் பங்கு பேசி ஃபீஸ் வாங்கவே கூடாது, பார் கவுன்சில் விதி தடுக்கிறது.

ஜெயித்ததும் வழக்குக் கட்டைக் கட்டிப் பரணில் போடுவதும் தவறுதான். கம்பெனி கட்டும் தொகை பல நேரம் தீர்ப்பாயக் கணக்கில் கிடக்கும். அதை எடுக்கத் தனியாக மனு போட வேண்டும். அந்தக் கல் உடைக்கும் அண்ணனுக்கு இது தெரியாது. தீர்ப்பு வந்து பல மாதம் கழித்து, “சார், பேங்க்ல இன்னும் ஒண்ணும் ஏறலையே” என்று வெற்றுப் பாஸ்புக்கோடு வந்து நின்றார். மறுநாளே மனு போட்டோம்.