லுவார் ஆற்றங்கரையில் மூன்று நாள்: பிரான்ஸில் அமைதியான மிதிவண்டிச் சாலையைக் கண்டுபிடிக்கும் முறை

பிரான்ஸின் நாட்டுப்புறத்தில் மிதிவண்டி ஓட்டப் பெரிய உடல்வலுவோ விலையுயர்ந்த வண்டியோ வேண்டியதில்லை. எந்தச் சாலையில் ஓட்டுவது என்று தெரிந்திருந்தால் போதும். இரண்டு ஊர்களுக்கு இடையே லாரிகள் இரைந்து ஓடும் சாலை ஒன்று இருக்கும். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, எப்போதாவது ஒரு டிராக்டர் மட்டும் வரும் சாலையும் இருக்கும். இரண்டாவதைக் கண்டுபிடிக்கும் முறையை, லுவார் ஆற்றங்கரையில் அம்புவாஸ் முதல் ஓர்லேயான் வரையிலான மூன்று நாள் பயணத்தை வைத்து இங்கே விளக்குகிறேன். மிதிவண்டி ஓட்டவும் பஞ்சர் ஒட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: திசையை முடிவு செய்தல்

'லுவார் ஆ வேலோ' என்ற பெயரில் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளமுள்ள மிதிவண்டிப் பாதை ஒன்று இந்த ஆற்றை ஒட்டி அட்லாண்டிக் கடல்வரை செல்கிறது. பெரும்பாலோர் ஆற்றின் போக்கிலேயே, அதாவது கிழக்கிலிருந்து மேற்காக, ஓட்டுகிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதற்கு நேர் எதிரானது: மேற்கிலிருந்து கிழக்காக ஓட்டுங்கள். இப்பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வீசுகிறது. ஓர்லேயானுக்கும் தூர் நகரத்துக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் ஆறு இறங்குவதோ ஐம்பது மீட்டர் அளவுக்குத்தான். அந்த ஏற்றம் காலுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் நாள் முழுவதும் முகத்தில் அடிக்கும் எதிர்காற்று நன்றாகவே தெரியும்.

பாரிஸில் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரயிலில் அம்புவாஸ் போய், அங்கிருந்து ஓட்டத் தொடங்கலாம். ஓன்ஸேன், ப்ளுவா, மேர், போஜான்ஸி, மெங் ஆகிய ஊர்களில் இதே தடத்தின் நிலையங்கள் இருப்பதால், மழையோ களைப்போ வந்தால் எங்கும் வண்டியோடு ஏறிவிடலாம். தொடக்கநிலையினருக்கு இந்தப் பகுதியை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணமே இதுதான். மே, ஜூன், செப்டம்பர் ஆகிய மாதங்கள் ஏற்றவை.

இரண்டாம் படி: வரைபடத்தைப் படித்தல்

என் முதல் பயணத்தில் நான் தடுமாறிய இடம் இது என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிரான்ஸில் ஒவ்வொரு சாலைக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. தேசிய நெடுஞ்சாலை 'என்'. அதன் எண் சிவப்புப் பட்டையில் இருக்கும். மாவட்டச் சாலை 'டி'; மஞ்சள் பட்டை. ஊராட்சிச் சாலை 'சி', வெள்ளைப் பட்டை. 'என்' என்றால் பெரியது, 'டி' என்றால் சிறியது என்ற ஒரே விதியை மனத்தில் வைத்துக்கொண்டு, ப்ளுவாவிலிருந்து போஜான்ஸிக்கு டி 2152 சாலையைத் தேர்ந்தெடுத்தேன். வரைபடத்தில் அது ஆற்றின் வடகரையில் நேராக ஓடியது, தொலைவும் குறைவு.

பத்து நிமிடத்துக்குள் அது மாவட்டச் சாலைக்குரிய சாலையே அல்ல என்று புரிந்துவிட்டது. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் முதலில் காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளும், அடுத்த நொடி அதே காற்று லாரியின் பக்கமாக உள்ளே இழுக்கும். கைப்பிடியை இறுகப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப்போயின. மேர் என்ற ஊரில் வலப்பக்கம் திரும்பிப் பாலத்தைக் கடந்து தென்கரையில் மியூத் என்ற சிற்றூரை அடைந்ததும் சத்தம் முழுவதும் அடங்கி, சங்கிலி ஓடும் ஒலி மட்டும் கேட்டது. இரண்டு கரைகளுக்கும் இடையே இருந்தது ஓர் ஆற்றின் அகலம் மட்டுமே.

காரணத்தைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். 2004-ஆம் ஆண்டின் அதிகாரப் பரவலாக்கச் சட்டத்தின்படி, 2006-இல் ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலைகள் மாவட்டங்களின் பொறுப்புக்கு மாற்றப்பட்டன. பலகையில் 'என்' போய் 'டி' வந்தது. ஆனால் சாலையின் அகலமும் அதில் ஓடும் லாரிகளும் மாறவில்லை. டி 2152 என்பது பழைய என் 152; அதுவே தூர் நகரப் பக்கம் டி 952 என்ற பெயரில் தொடர்கிறது. ஆகவே, ஒரு 'டி' எண்ணின் கடைசி இலக்கங்களில் ஒரு பழைய நெடுஞ்சாலையின் எண் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டி 9 என்று தொடங்கும் மூன்று இலக்க எண்களையும், நான்கு இலக்க எண்களையும் கண்டால் உடனே நம்பிவிடாதீர்கள். மாவட்ட எல்லையைத் தாண்டும்போது ஒரே சாலையின் எண் மாறிவிடக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணைவிட நம்பகமானது வரைபடத்தில் சாலைக்குக் கொடுத்திருக்கும் நிறம்; இது பலகையின் பட்டை நிறம் அல்ல. மிஷ்லேன் நிறுவனத்தின் தாள் வரைபடத்தில் சிவப்புச் சாலையையும் மஞ்சள் சாலையையும் தவிர்த்து, வெள்ளைச் சாலைகளை மட்டும் இணைத்து உங்கள் பாதையைப் போடுங்கள். வெள்ளைக் கோட்டின் விளிம்பு விட்டுவிட்டு இருந்தால் அது தார் போடாத வழி. பக்கத்தில் பச்சைக் கோடு இருந்தால் அங்கே காட்சி அழகாக இருக்கும். சாலையின் மேல் அம்புமுனை போன்ற குறி இருந்தால் ஏற்றம். ஒன்று இருந்தால் ஓட்டலாம், இரண்டு இருந்தால் சுமையோடு இறங்கித் தள்ள நேரிடலாம்.

கைப்பேசிச் செயலிகளை நான் வழி தவறியபோது இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள மட்டுமே பயன்படுத்துகிறேன். பாதை போடும் பொறுப்பை அவற்றிடம் விட்டால் மிகக் குறுகிய வழியைக் கொடுக்கும். அது ஒருநாள் லாரிச் சாலையாகவும் மறுநாள் உழுத வயலின் வரப்பாகவும் முடியும். ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள தாள் வரைபடத்தை முந்தைய இரவு மேசையில் விரித்து, மறுநாள் வரப்போகும் ஊர்ப்பெயர்களை வரிசையாக ஒரு சீட்டில் எழுதி, கைப்பிடிமேல் ஒட்டிக்கொள்வதே எனக்குப் பிடித்த முறை. அங்கே வழிகாட்டிப் பலகைகள் எல்லாம் ஊர்ப்பெயர்களைத்தான் சொல்கின்றன.

மூன்றாம் படி: வண்டி

32 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், நல்ல கேரியர், நீர் புகாத இரண்டு பக்கப்பைகள், சிறிய பம்ப், இரண்டு டியூப். டயரில் என் தேர்வு ஷ்வால்பே மராத்தான். எடை கூடுதல், ஆனால் முள்ளுக்கும் கண்ணாடித் துண்டுக்கும் தாங்குகிறது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். மணியும் முன்பின் விளக்குகளும் சட்டப்படி கட்டாயம். ஊருக்கு வெளியே இரவிலும் மூடுபனியிலும் ஒளிரும் மேலங்கி அணிவதும் கட்டாயம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம். பெரியவர்களும் அணிவது நல்லது.

நான்காம் படி: வலப்பக்கமும் வலப்பக்க முன்னுரிமையும்

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்குப் போக்குவரத்து உள்ள சாலையில் சிக்கல் வராது. மற்ற வண்டிகளைப் பார்த்து நாமும் சரியாகவே போவோம். ஆபத்து ஆளில்லாத சாலையில்தான். மரநிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறும்போது கால் தானாக இடப்பக்கத்துக்கு இழுக்கும். கைப்பிடியின் வலப்பக்கத்தில் சிவப்பு நாடாவைச் சுற்றி, ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதைத் தொட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது 'ப்ரியொரிதே அ துருவாத்', அதாவது வலமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. எந்தப் பலகையும் இல்லாத சந்திப்பில், நீங்கள் அகலமான தெருவில் போனாலும், வலப்பக்கச் சந்திலிருந்து வரும் வண்டிதான் முதலில் போகும். அது நிற்காது, நிற்கவேண்டிய தேவையும் அதற்கு இல்லை. ஒரு கிராமத்தில் தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்திலிருந்து வெளிவந்த வேன் ஒன்று என் முன்சக்கரத்துக்கு ஒரு முழ இடைவெளியில் கடந்த பிறகுதான் இதை முழுமையாக உணர்ந்தேன். ஓட்டுநர் மீது தவறே இல்லை. வைர வடிவ மஞ்சள் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு; அதே பலகை கறுப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தால் அது முடிந்துவிட்டது. சிவப்பு விளிம்பு முக்கோணத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால் அடுத்த சந்திப்பில் வலப்பக்கத்துக்கு வழிவிடவேண்டும். சிவப்பு விளிம்போடு ஊர்ப்பெயர்ப் பலகை தெரிந்தவுடன் பிரேக்கில் விரலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தண்ணீரும் கடை நேரமும்

சிற்றூர்களில் உணவகம் நண்பகல் 12 முதல் 2 வரைதான் மதிய உணவு தரும். இரண்டு மணிக்கு மேல் போனால் காப்பி கிடைக்கலாம், சோறு கிடைக்காது. ரொட்டிக்கடையான புலான்ஜரி காலையில் சீக்கிரம் திறந்து மதியம் மூடிவிடும். ஞாயிறு பிற்பகலும் திங்கட்கிழமையும் பல ஊர்களில் கதவுகள் சாத்தியே இருக்கும். காலையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைக்கு வேண்டியதை முந்தின நாள் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூக்களுக்கு ஊற்றுவதற்காகப் பெரும்பாலான கல்லறைத் தோட்டங்களில் வாயிலருகே ஒரு குழாய் இருக்கும். 'ஓ நோன் பொத்தாப்ளு' என்று எழுதியிருந்தால் அது குடிக்கத் தகாத நீர், தலையில் ஊற்றிக்கொள்ளலாம். உள்ளே போகும்போது வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்து போங்கள். அங்கே உறவினர்கள் வந்திருப்பார்கள்.

ஆறாம் படி: மூன்று நாள்

முதல் நாள், அம்புவாஸிலிருந்து ஷோமோன் வழியாக ப்ளுவா வரை நாற்பது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். கிளம்புமுன் அம்புவாஸ் கோட்டையின் சிற்றாலயத்தில் லியொனார்தோ தா வின்சியின் கல்லறையைப் பார்த்துவிடுங்கள். 1519 மே 2 அன்று அவர் இவ்வூரிலேயே இறந்தார். இந்த நாளில்தான் தென்கரையின் திராட்சைத் தோட்டங்களுக்கிடையே சிறிய ஏற்றங்கள் வரும்.

இரண்டாம் நாள், ப்ளுவாவிலிருந்து ஷாம்போர் வழியாக போஜான்ஸி, ஏறத்தாழ ஐம்பது. ஷாம்போர் கோட்டையின் வேலை தொடங்கியதும் அதே 1519-இல்தான். அதன் காட்டைச் சுற்றிய மதில் 32 கிலோமீட்டர் நீளம். உள்ளே மரங்களுக்கு நடுவே மிதிவண்டிக்கென்றே வழிகள் உள்ளன. கோட்டைக்கான கற்கள் படகில் வந்து இறங்கிய சாந்தியே துறையில், ஆற்றங்கரை வழியில் கட்டாயம் நின்று போங்கள். இப்பகுதி ஊர்களில் கரையோரச் சுவர்களையும் பாலத் தூண்களையும் உற்றுப் பாருங்கள்: 1846, 1856, 1866 என்று கோடு கீறி எழுதியிருக்கும். அந்த ஆண்டுகளின் வெள்ளம் ஏறிய உயரம் அது. கோடு உங்கள் தலைக்கு மேலே இருப்பதைப் பார்த்தால், நீங்கள் ஓட்டிவந்த கரைமேட்டை எதற்காக அத்தனை உயரத்துக்கு எழுப்பினார்கள் என்பது விளங்கும்.

போஜான்ஸியில் இரவு தங்குங்கள். பிரெஞ்சு அரசர் ஏழாம் லூயிக்கும் அக்கித்தேன் சீமாட்டி எலியனோருக்கும் நடந்த திருமணம் செல்லாது என்று 1152-இல் தீர்ப்பளித்த திருச்சபை மன்றம் கூடிய ஊர் இது. இடைக்காலத்துப் பாலத்தின் வழியே மாலை வெயிலில் ஊருக்குள் நுழைவது இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த அரைமணி நேரம் என்பது என் கருத்து.

மூன்றாம் நாள் ஓர்லேயான்வரை முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவே. நேரம் இருந்தால் தென்கரையில் கிளேரியில் பதினோராம் லூயியின் கல்லறை உள்ள பேராலயத்தைப் பாருங்கள்.

தங்குமிடத்தில் 'அக்கேய் வேலோ' என்ற சின்னம் இருந்தால் வண்டியைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் இருக்கும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போய்வந்த சிலர் சொன்ன சிக்கல்களைச் சேர்க்கிறேன். ஒருவருக்கு டயரில் காற்று குறைந்து, பெட்ரோல் நிலையத்துக் குழாய் அவருடைய வால்வில் பொருந்தவில்லை. மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள் அதன்மேல் திருகும் சிறிய பித்தளை இணைப்பு ஒன்றைக் கையோடு வைத்திருக்கவேண்டும். அது ஒரு சட்டைப் பொத்தான் அளவே இருக்கும்.

இன்னொருவர் வண்டியோடு அதிவேக ரயிலில் ஏறமுடியாமல் தவித்தார். டிஜிவி ரயில்களில் வண்டியை முழுதாக ஏற்ற முன்பதிவு வேண்டும். அந்த வசதி இல்லாதவற்றில் கழற்றிப் பையில் கட்டவேண்டும். வட்டார ரயில்களில் முழு வண்டியையும் ஏற்றலாம், ஆனால் கோடையில் இந்தத் தடத்தில் அதற்கும் இடம் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். திரும்பும்போது, சில ரயில்கள் ஓர்லேயான் நகர நிலையத்துக்கு வராமல் இரண்டு கிலோமீட்டர் வடக்கே உள்ள லேஸோப்ரே நிலையத்தில் மட்டுமே நின்று செல்லும். பயணச்சீட்டில் நிலையத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, அதற்கேற்பக் கால்மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.