உயர்தெளிவு இசை: வீட்டில் கேட்பவர் பார்க்க வேண்டிய எண்கள்

இசைச் செயலியில் பாடலின் கீழே '24 பிட் / 96 கிலோஹெர்ட்ஸ்' என்று எழுதியிருந்தால், இரண்டாவது எண் ஒலியலை ஒரு நொடியில் 96,000 முறை அளக்கப்பட்டது என்பதையும், முதல் எண் ஒவ்வோர் அளவும் எவ்வளவு நுட்பமாகக் குறிக்கப்பட்டது என்பதையும் சொல்கின்றன. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு நொடிக்கு 44,100 அளவுகளையும் 16 பிட்டையும் கொண்டது. இதைவிட உயர்ந்த எண்கள் கொண்ட ஒலியையே உயர்தெளிவு என்கிறார்கள். அளவெடுக்கும் வீதத்தில் பாதிக்குக் கீழே உள்ள அதிர்வெண்கள் அனைத்தையும் குறைவின்றி மீட்டெடுக்கலாம் என்பது கணித விதி. அதன்படி குறுந்தகடு ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ் வரை தருகிறது. மனிதச் செவி கேட்பதோ அதிகபட்சம் 20 வரை, அதுவும் இளம் வயதில்தான். குறைந்த வீதத்தில் அலை படிக்கட்டுபோல் ஆகிவிடும் என்று விளம்பரப் படங்கள் காட்டுவது தவறு. கருவியிலிருந்து வெளிவருவது வழுவழுப்பான அலையே.

பிட் எண்ணிக்கை, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான தொலைவைத் தீர்மானிக்கிறது. 16 பிட் சுமார் 96 டெசிபல், 24 பிட் சுமார் 144 டெசிபல். பிந்தையதால் உண்மையில் பயன்பெறுபவர் பதிவுக்கூடத்துப் பொறியாளர்தான்: பாடகர் திடீரெனக் குரலை உயர்த்தினாலும் ஒலி சிதையாதபடி, தாழ்ந்த அளவிலேயே பதிவு செய்ய அது இடம் தருகிறது. மின்விசிறி சுழலும் கூடத்தில் 96 டெசிபலே தாராளம்.

இந்த எண்களைவிட முக்கியமானது சுருக்கும் முறை. எம்பி3, ஏஏசி ஆகியவை செவிக்குப் புலப்படாது என்று கணித்த பகுதிகளை நீக்கிவிடுகின்றன. 2001இல் வந்த ஃப்ளாக், 2004இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏஎல்ஏசி ஆகியவை எதையும் இழக்காமல் கோப்பை மட்டும் சிறிதாக்குகின்றன. குறைந்த பிட் வீத (அதாவது, ஒரு நொடி இசைக்குக் குறைந்த தரவே ஒதுக்கிய) எம்பி3 கோப்பில் கடம் அல்லது மிருதங்கத்தின் கூரிய அடிக்கு ஒரு கணம் முன்பே மங்கலான இரைச்சல் எழுவதைக் கவனிக்கலாம். நொடிக்கு 256 கிலோபிட் ஏஏசியில் அதைக் கண்டுபிடிப்பது பயிற்சி பெற்ற செவிக்கும் கடினம்.

கோப்பு உயர்ந்ததாக இருந்தாலும், செவியை அடையும் வழி குறுகலாக இருந்தால் பயனில்லை. பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் முதல் 192 கிலோஹெர்ட்ஸ் வரை இழப்பற்ற ஒலியைக் கூடுதல் கட்டணமின்றித் தருகிறது. ஆனால் அமைப்புகளில் அதை நாமே இயக்க வேண்டும். ஐபோனில் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதைக் கேட்க, எண்முறைக் குறிகளை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் 'டாக்' என்ற தனிக்கருவியும் வேண்டும். புளூடூத் வழியே அனுப்பினால் ஒலி பெரும்பாலும் மறுபடியும் சுருக்கப்படுகிறது. சோனியின் எல்டாக் முறைகூட அதிகபட்சமாக நொடிக்கு 990 கிலோபிட்தான் அனுப்பும். குறுந்தகட்டின் வீதமோ 1,411 கிலோபிட். ஆகவே கம்பி வழியாகவோ, ஒலிபெருக்கியே இணையத்திலிருந்து நேரடியாகப் பெறும்படி வைஃபை வழியாகவோ இணைப்பது நல்லது. டாக் கருவியில் திரையோ வண்ண விளக்கோ இருந்தால், வந்து சேரும் வீதத்தை அதிலேயே சரிபார்க்கலாம். செயலி 96 என்று காட்டும்போது கருவி 48 என்று காட்டினால், இடையில் கைபேசி அதை மாற்றிவிட்டது என்று பொருள். கைபேசித் தரவில் கேட்பவர் உயர்தெளிவை அணைத்துவைக்கலாம்: 24 பிட் / 96 கிலோஹெர்ட்ஸ் இசை, சுருக்குவதற்கு முன் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி ஆகும்.

வேறுபாடு கேட்கிறதா என்று சோதிப்பவர் ஒரே மூலப்பதிவின் இரு வடிவங்களை எடுத்து, ஒலியளவைச் சமமாக்கி, எது எதுவென்று தெரியாமல் கேட்க வேண்டும். சற்றே உரத்தது எப்போதும் மேலானதாகத் தோன்றும். மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தெளிவு ஒலியின் நடுவே 16 பிட் / 44.1 கிலோஹெர்ட்ஸ் மாற்றத்தைச் செருகியபோது, வழக்கமான ஒலியளவில் கேட்டவர்களால் அதை இனங்காண முடியவில்லை. எனவே 192 கிலோஹெர்ட்ஸுக்காக வேறு சேவைகளில் கூடுதல் சந்தா கட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை, 44.1இல் இழப்பற்ற ஒலியைத் தேர்ந்துவிட்டு, மிச்சப் பணத்தை ஒலிபெருக்கிக்கு ஒதுக்கி, அதன் உயர் ஒலிப் பகுதி அமர்ந்திருப்பவரின் காது மட்டத்துக்கு வரும்படி வைக்கலாம்.