மரத்தூள் குவியலை மக்க வைத்த விதம்

மர அறுவை மில்லிலிருந்து வாங்கித் தோட்டத்து மூலையில் குவித்திருந்த மரத்தூள், ஒரு பருவமழை முழுவதும் நனைந்தும் நிறம்கூட மாறாமல் கிடந்தது. மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 200 முதல் 500 பங்கு வரை கரிமம் (கார்பன்) இருக்கும். நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுவதற்கோ அது 30 பங்கு அளவில் இருக்க வேண்டும். ஆகவே குவியலைப் பிரித்து, மரத்தூளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, அதன்மேல் தழைச்சத்து மிகுந்த கிளைரிசிடியா மரத்தழை, காய்கறிக் கழிவு, சாணக் கரைசல் ஆகியவற்றைத் தாராளமாக இட்டு, இடுப்பளவு உயரத்துக்கு மாற்றி மாற்றி அடுக்கினேன். சில நாட்களிலேயே உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியது. பிடித்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டுமே கசியும்படி ஈரம் காத்து, சூடு தணியும்போதெல்லாம் கிளறிவிட்டேன். தூள் இறுகிப் படிந்து காற்றோட்டத்தை அடைத்துவிடும் என்பதால், நறுக்கிய சோளத்தட்டையை இடையிடையே கலந்தது பெரிதும் உதவியது. பிளைவுட் தூளை மட்டும் நான் சேர்ப்பதே இல்லை. அதிலுள்ள பசையை நம்புவதற்கில்லை. நன்கு கறுத்து மண்வாசனை வந்த பிறகே உரத்தைக் கத்தரிப் பாத்திக்கு இட்டேன். அரைகுறையாக மக்கியதை இட்டால், அது மண்ணிலுள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொண்டு இலைகளை வெளிறச் செய்துவிடும்.