கனகாம்பரத்திலிருந்து தொடங்குங்கள்: ஆய்வோடு தாவர ஓவியம்

பெங்களூரில் தாவரவியல் படிக்கும் தமிழ் மாணவர்களில் வரையத் தெரிந்தவர்கள், ஆய்வு வார நாட்களுக்கு, ஓவியம் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று பிரித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். அப்படிப் பிரித்தால் ஆய்வேட்டின் நெருக்கடி வரும் மாதத்தில் ஓவியம்தான் முதலில் நின்றுபோகும். ஆகவே வரைவதையே ஆய்வின் ஒரு படியாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

பழக்கத்துக்குக் கனகாம்பரம் நல்ல செடி. கே.ஆர். மார்க்கெட்டில் முழக்கணக்கில் விற்கும் சரத்தில் அல்லிவட்டமும், அதன் குழலோடு ஒட்டிய நான்கு மகரந்தத் தாள்களும்தான் இருக்கும். புல்லிவட்டமும் சூலகமும் பறிக்கும்போதே செடியின் பூக்கதிரில் தங்கிவிடுகின்றன. தலையில் சூட அது போதும், படத்துக்குப் போதாது. லால்பாக் தாவரவியல் பூங்காவில் பறிக்கவும் கூடாது என்பதால், அருகிலுள்ள சித்தாபுரத்து நர்சரியில் பூத்த செடி ஒன்றைத் தொட்டியோடு வாங்கிவிடுங்கள்.

இலை காத்திருக்கும், பூ காத்திருக்காது. எனவே முதலில் பூவின் நிறத்தை ஒரு துண்டுத்தாளில் நீர்வண்ணத்தில் குறித்துக்கொண்டு, அதன் பிறகே பென்சிலை எடுங்கள். டிவைடரால் அளந்து இயல்பளவில் கதிரை வரையுங்கள். கைபேசிப் படத்தைப் பார்த்து வரைந்தால், கேமராவுக்கு அருகிலுள்ள இதழ் பெரிதாகவும் பின்னுள்ளது சிறிதாகவும் பதிந்திருப்பது உங்கள் கோட்டிலும் வந்துவிடும். அடுத்து ஒரு பூவை நீளவாக்கில் பிளந்து, ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ், மகரந்தத் தாள்கள் குழலில் எங்கே ஒட்டியுள்ளன, ஐந்து மடல்களும் எப்படி ஒரே பக்கம் விரிகின்றன என்று பாருங்கள். வரைய முடியாத இடம் நீங்கள் சரியாகப் பார்க்காத இடம். என் விளக்கக் குறிப்புகளில் இருந்த பிழைகளில் பலவற்றைக் கண்டுபிடித்தது என் பென்சில்தான். மிஞ்சிய பூக்களை 70 சதவீத ஆல்கஹாலில் இட்டு வையுங்கள். நிறம் போகும், வடிவம் நிற்கும். முதிர்ந்த காய்களை மட்டும் நீரிலிருந்து தள்ளி வையுங்கள், ஈரம் பட்டால் வெடித்து விதையைச் சிதறடிக்கும்.

ஹெர்பேரியத் தாளிலிருந்து, அதாவது உலர்த்தி ஒட்டிவைத்த செடி மாதிரியிலிருந்து, வரைய நேர்ந்தால், உரிய அனுமதியுடன் ஒரேயொரு பூவை எடுத்து வெந்நீரில் மென்மையாக்கிப் பிரிக்கலாம். படத்தின் அருகே ‘இரு மடங்கு’ என்று எழுதாமல், உண்மை நீளத்தைக் குறிக்கும் அளவுகோட்டை வரைவதே முறை, ஏனெனில் அச்சில் படம் சுருங்கும்போது கோடும் சேர்ந்து சுருங்கும். வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து விழுவதாகக் கொண்டு, நிழலைப் புள்ளிகளால் காட்டுங்கள். ஸ்கேனுக்கு 1200 டிபிஐ வையுங்கள்.

புதிய பூக்கும் தாவர இனத்தை அறிவிக்கப் படம் வேண்டும் என்று தாவரப் பெயரிடல் விதி கட்டாயப்படுத்துவதில்லை. பாசிகளுக்கும் புதைபடிவங்களுக்கும்தான் அந்தக் கட்டாயம். அதனால் வழிகாட்டிகள் சிலர் இதை நேர விரயம் என்பார்கள். அவர்களிடம் வாதாடுவதைவிட, முதல் கட்டுரையின் கையெழுத்துப் படியிலேயே ஒரு முழுப்பக்கப் படத்தைச் சேர்த்துக் கொடுத்துவிடுவது எளிது.

படத்தில் உங்கள் பெயரைக் கேட்டு வாங்கும் விஷயத்தில் மட்டும் கூச்சம் வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து ஆகிய இந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியா என்று பெயரிட்டார். அந்தப் பேரினம் இன்று வேறொன்றில் அடங்கிவிட்டது, என்றாலும் ஓவியர் பெயர் பதிவில் இருக்கிறது. ஊழியர் ஒருவர் பணியின் பகுதியாக வரைந்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், இந்தியச் சட்டப்படி நிறுவனத்துக்கே போகும். ஆகவே வேலையில் சேரும்போதே, வீட்டில் உங்கள் காகிதத்தில் வரைபவை யாருடையவை என்பதையும், கட்டுரையில் ஓவியர் பெயர் எங்கே வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் நாள், இடம், மாதிரிக்கு இட்ட சேகரிப்பு எண் ஆகியவற்றைப் பென்சிலால் குறியுங்கள். அந்த எண் இல்லாத படத்தை எந்த மாதிரியோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.