இரைப்பை பைபாஸ் செய்துகொண்டு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

எடை குறைக்க இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் சத்திரசிகிச்சை) செய்துகொண்டவர்கள் ஊருக்குப் போனால் கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பயப்படத் தேவையில்லை. இலையில் இருப்பது கண்ணுக்குத் தெரியும், வேண்டாததை ஒதுக்கலாம். வீடு வீடாகப் போகும்போது கையில் தரும் தேத்தண்ணிதான் ஆபத்து. குடிக்காவிட்டால் "வெளிநாடு போய் மாறிட்டாள்" என்பார்கள்.

அம்மாவின் திவசத்துக்குப் போனபோது நடந்தது இது. சீனி கூடாது என்று சின்னம்மாவிடம் முதலே சொல்லியிருந்தேன். "ஒரு துளி சீனியும் போடேல்லை பிள்ளை, குடி" என்று பக்கத்தில் நின்றார். சீனி போடவில்லை, ரின்பால் (தகரத்தில் வரும் இனிப்புக் கட்டிப்பால்) விட்டிருந்தார். ரின்பாலில் பாதிக்கு மேல் சீனி. ஒரு மேசைக்கரண்டியிலேயே பத்துக் கிராம் அளவு வரும். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சீனியை வைத்திருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு கரண்டி விட்டால் அந்த ஒரு கோப்பையோடு அன்றைய கணக்கு முடிந்த மாதிரித்தான்.

முதல் மிடறிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் சோறு ஊட்டியவர் சின்னம்மா. நான் கனடாவில் ஸ்கார்பரோவில் இருந்து காசு அனுப்பினேன், அவ்வளவுதான். அந்தக் கை நீட்டிய கோப்பையை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கால் மணிநேரத்தில் நெஞ்சு படபடத்தது, வயிறு முறுக்கியது, வேர்த்துக் கொட்டியது. பைபாஸுக்குப் பிறகு இனிப்பு இரைப்பையில் தங்கி மெல்ல இறங்காது. நேரே சிறுகுடலில் போய் விழுந்து உடம்பின் தண்ணீரை அங்கே இழுக்கும். இதைத்தான் டொக்டர்மார் டம்பிங் என்கிறார்கள். பேசாமல் படுத்துக் கிடந்தால் அடங்கிவிடும். என்னை யார் படுக்க விட்டார்கள்? "வெயில் பிடிச்சிட்டுது, சோடா குடுங்கோ" என்று மாமா போத்தலை உடைத்துப் பருக்கினார். போத்தலில் சிவப்பு அடையாளம். இலங்கையில் குளிர்பானங்களுக்கு 2016 முதல் இந்த நிற அடையாளம் உண்டு. சிவப்பு என்றால் 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி.

அந்தப் படபடப்பு அடங்கி, எல்லாரும் திவசச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் இரண்டாவது ஆட்டம் தொடங்கியது. இனிப்பு வேகமாக ஏறினால் இரத்தத்துச் சீனியைக் குறைக்கும் இன்சுலினை உடம்பு அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும். ஒன்று முதல் மூன்று மணிநேரத்துக்குள் இரத்தத்தில் சீனி சடாரென்று இறங்கும். கை நடுங்கியது, கண் மங்கியது, பேச்சுக் குழறியது. எனக்கு உண்மையிலேயே சீனி தேவைப்பட்ட நேரம் அதுதான். அப்போது பார்த்து "அவளுக்குச் சீனி கூடாதெண்டவள், ஒண்டும் குடுக்காதேங்கோ" என்று சின்னம்மா அழுதபடி எல்லாரையும் மறித்தார். மச்சாளின் மகள் என் கைப்பையைக் கிண்டி குளுக்கோஸ் வில்லையை எடுத்து வாயில் வைத்தாள்.

அதனால் "எனக்குச் சீனி கூடாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பாதிச் செய்தி. தங்கும் வீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள்: சாப்பிட்ட உடனே படபடத்தால் படுக்க விடுங்கள், இனிப்புத் தரவேண்டாம். ஒரு மணிநேரம் கழித்து நடுங்கினால் பையில் இருக்கும் குளுக்கோஸைத் தாருங்கள், தெளிந்ததும் ஒரு முட்டை தாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றவேண்டாம், 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

பனங்கட்டி சீனி இல்லை என்று சாதிப்பார்கள், நம்பாதீர்கள். உடம்புக்கு அதுவும் சீனிதான். தேத்தண்ணிக்குப் பதிலாக வாசலில் தரும் செம்புத் தண்ணீரை எல்லாரும் பார்க்க வாங்கிக் குடியுங்கள், மரியாதை கெடாது. சாப்பாட்டோடு மட்டும் தண்ணீர் வேண்டாம், அரை மணிநேரம் பொறுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைத் தண்ணியை விட்டு மோர் கேளுங்கள். வீட்டில் சாப்பிடும்போது மீனும் முட்டையும் முதலில், புட்டு பிறகு. பயற்றம்பணியாரத்தைப் பொதி கட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றால் யாரும் மனம் நோகமாட்டார்கள், உங்கள் முன்னால் நின்று தின்னவைக்கவும் மாட்டார்கள்.