நாட்குறிப்பில் ஜூன் 31: குடல், நரம்பு நோய் ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஒருவர், வெளியே பெஞ்சில் காத்திருந்த நோயாளியிடம் நாட்குறிப்பு ஏட்டையும் ஒரு பேனாவையும் நீட்டி, "விட்டுப்போன நாட்களை மட்டும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள் ஐயா" என்று பணிவாகச் சொன்னதைச் சென்ற மாதம் கண்டேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் அதையே, அதே பணிவோடு சொல்லியிருக்கிறேன். கையெழுத்து விடுபட்ட ஒப்புதல் படிவம், தவறான தேதி போன்றவற்றைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நினைவிலிருந்து நிரப்பப்படும் நாட்குறிப்பு

ஒற்றைத் தலைவலி, வலிப்பு, ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் ஆகியவற்றுக்கான மருந்து ஆய்வுகளில் முடிவைச் சொல்வது இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ அன்று. நோயாளி வீட்டில் அன்றன்று எழுதும் குறிப்புதான் அங்கே அளவுகோல். மலச்சிக்கலுடன் கூடிய ஐ.பி.எஸ். நோய்க்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கடந்த 24 மணி நேரத்தின் மிக மோசமான வயிற்றுவலிக்கு 0 முதல் 10 வரை நாள்தோறும் மதிப்பெண் இட வேண்டும். அதன் வாரச் சராசரி தொடக்க நிலையைவிடக் குறைந்தது 30% இறங்கி, அதே வாரத்தில் பேதி மருந்தின் உந்துதலின்றி முழுமையாக மலம் கழித்த உணர்வு ஒரு முறையாவது கூடுதலாகக் கிடைத்திருந்தால்தான் அந்த வாரம் பலன் கண்ட வாரம். "தொடக்க நிலை" என்ற சொல்லைக் கவனியுங்கள். மருந்து தொடங்குவதற்கு முந்தைய ஓரிரு வாரங்களின் குறிப்பு பொய்யானால், பின்னர் வரும் கணக்கு அனைத்தும் அந்தப் பொய்யோடு ஒப்பிட்ட கணக்காகிவிடும்.

என்னிடம் வந்த ஓர் அம்மையாரின் ஏட்டில் எல்லாப் பக்கங்களும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில் இருந்தன. அதை நேர்த்தி என்றே எண்ணினேன். தேதியை நோயாளியே எழுதிக்கொள்ளும்படி அமைந்த ஏடு அது. சில வாரங்கள் கழித்து ஆவணங்களைச் சரிபார்க்க வந்த மானிட்டர் ஒன்றும் பேசாமல் ஒரு பக்கத்தின் மேல் விரலை வைத்தார். ஜூன் 31, வலி 6, மலம் முதல் வகை (கட்டி கட்டியாக இறுகியது). கேட்டபோது, "நாளு எல்லாம் ஒண்ணுதானே தம்பி, நீங்கதானே எழுதிக் குடுக்கச் சொன்னீங்க?" என்றார் அந்த அம்மா. குற்றம் அவருடையதன்று, பேனாவைக் கொடுத்தவன் நான். நான் சேர்த்த மற்றவர்களின் ஏடுகளையும் விரித்துப் பார்த்ததில் மூவருடைய தொடக்கக் குறிப்புகளை நம்ப முடியாமல் போயிற்று. பல மாதங்கள் அலைந்து, தங்கள் உடலையே ஒப்படைத்தவர்களின் உழைப்பு என் அவசரத்தால் வீணானது என்பது இன்றும் எரிச்சலூட்டுகிறது.

இது என் ஒருவனுடைய கதையன்று. 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வில், நாள்பட்ட வலியுள்ளவர்களிடம் கொடுத்த காகித நாட்குறிப்பின் அட்டைக்குள் ஒளி உணரிகளை மறைத்து வைத்து, அது எப்போது திறக்கப்படுகிறது என்று பதிவு செய்தார்கள். உரிய நேரத்தில் எழுதியதாக நோயாளிகள் காட்டிய கணக்கு 90%. உண்மையில் அவ்வாறு எழுதப்பட்டது 11% மட்டுமே.

நினைவு மோசமான நாட்களையே முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். ஆய்வில் சேர்வதற்கு இவ்வளவு வலி இருக்க வேண்டும் என்பது நோயாளிக்குத் தெரிந்துவிட்டால் எண் இன்னும் ஏறும். மிகைப்பட்ட தொடக்கத்திலிருந்து பார்த்தால் பிளாசிபோ எனப்படும் மருந்தற்ற போலி மாத்திரை பெற்றவரும் "குணமாகிவிடுவார்". ஐ.பி.எஸ். ஆய்வுகளில் ஏற்கனவே பத்தில் நான்கு பேர் அளவுக்குப் பிளாசிபோவிலேயே பலன் சொல்கிறார்கள். அதற்கு மேலும் நாமே ஊதிக் கொடுத்தால் நல்ல மருந்தின் பலன்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

ஆகவே விடுபட்ட நாள் வெற்றிடமாகவே இருக்கட்டும். எழுதிய நேரத்தைத் தானே பதிவு செய்யும் கைப்பேசிச் செயலி இருந்தால் அதையே கொடுங்கள். காகிதம்தான் என்றால் முதல் பக்கத்தை உங்கள் எதிரிலேயே எழுதச் செய்து, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை தொலைபேசியில் நினைவூட்டுங்கள்.

"வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று மட்டும் கேட்பது

"இல்லை" என்பார்கள். நிலவாகைச் சூரணமும் கடுக்காய்ப் பொடியும் நம் வீடுகளில் மருந்துக் கணக்கில் வருவதில்லை. நிலவாகையோ நேரடியாகப் பேதியைத் தூண்டுவது. மலச்சிக்கல் ஆய்வில் அது நுழைந்தால் ஆய்வு மருந்தின் வேலை எது, சூரணத்தின் வேலை எது என்று பிரிக்க முடியாது. "வயிறு கட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள், பொடியின் பெயரோடு பதில் வரும். குமட்டலுக்கு வாங்கிய மாத்திரையையும் கேளுங்கள். மெட்டோகுளோபிரமைடு மூளைக்குள் புகுந்து, உடல் அசைவைச் சீராக்கும் டோபமைனைத் தடுப்பதால் பார்க்கின்சன் நோயாளியின் நடுக்கமும் விறைப்பும் அதிகரிக்கக்கூடும்.

பார்க்கின்சன் மதிப்பீட்டை வாய்த்த நேரத்தில் செய்வது

பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. உணவிலுள்ள புரதம் அதனுடன் போட்டியிடுகிறது. ஒரு மாதம் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றிலும் அடுத்த மாதம் முட்டை சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்கும் மதிப்பிட்டால், நீங்கள் அளப்பது நோயை அன்று, காலை உணவை.

முதல் நோயாளியைச் சேர்த்த பிறகு சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு

2018 ஏப்ரலிலிருந்து ஏற்கப்படுவதில்லை.

தீவிர பாதகத்தைத் திங்கட்கிழமை வரை தள்ளிப்போடுவது

ஆய்வில் இருப்பவர் மருத்துவமனையில் சேர நேர்வது போன்ற தீவிர பாதகத்தைத் தெரிவிக்க வேண்டிய 24 மணி நேரக் கெடு ஞாயிற்றுக்கிழமையிலும் ஓடும்.